பாட்டியின் கூன் முதுமையின் அடையாளமா?

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு முறிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். சில வாரங்களில் கட்டைப் பிரித்தால் எலும்பு கூடியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நம் ஊர்களில் இது சர்வசாதாரணமான சங்கதி. ஆனால் நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

திடமான எலும்பு அவ்வளவு லேசில் முறியாது. கரையான் அரித்த உத்தரம் வெளிப் பார்வைக்கு முழுசாகத் தெரிவதுபோல, உள்ளே துளை விழுந்து நலிந்த எலும்பும் முறியும் வரை நோவு காட்டாது. இந்த வியாதிக்கு ஆஸ்டியோபொரோசிஸ் என்று பெயர். தமிழில் எலும்புப்புரை என்கிறார்கள்.

பாட்டிக்குக் கூன் விழுந்தால் வயதாகிவிட்டது என்கிறோம். பலர் விஷயத்தில் அது வயதின் வேலை அல்ல. முதுகெலும்புத் தொடரிலுள்ள சிறு எலும்புகள் உடற்பாரம் தாங்காமல் முன்பக்கமாக நசுங்கிவிடுகின்றன. அதுவும் எலும்பு முறிவே. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். முன்பு கைக்கு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லையா? டாக்டரிடம் சொல்ல வேண்டிய சமாசாரம் அது.

இடிப்பதும் கட்டுவதும்

எலும்பு கல் அல்ல, உயிருள்ள பொருள். பழையதை இடிக்க ஒரு வகை உயிரணுக்களும், புதிதாகக் கட்ட வேறொரு வகையும் உள்ளே ஓயாமல் வேலை செய்கின்றன. சுமார் முப்பது வயது வரை கட்டும் கை ஓங்கியிருக்கும். பிறகு மெல்ல மெல்ல இடிக்கும் கை ஓங்குகிறது. மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுவதால் அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. 1941-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் புல்லர் ஆல்பிரைட் தம் சகாக்களுடன் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினார். ஆண்களுக்கும் இது வருவதுண்டு. சற்றுத் தாமதமாக வரும்.

புகையும் குடியும் எலும்புக்குப் பகை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவதும் அப்படியே. மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் பெயர் தெரியாத பொடிகளை வாங்கி விழுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது.

எலும்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியவரும். முன்கூட்டி அறிய ‘டெக்ஸா’ என்னும் பரிசோதனை உண்டு. வலி கிடையாது, சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அதில் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்புப்புரை என்பது 1994-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கணக்கு.

மருந்தும் உணவும்

ஒருமுறை முறிந்தவருக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை மட்டும் போதாது. இடிக்கும் அணுக்களை அடக்குவதற்கென்றே மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் அவற்றில் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வருஷத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்தும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை இஷ்டப்படி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எலும்பு மறுபடியும் வேகமாகக் கரைந்து முதுகெலும்பு நசுங்கிவிடக்கூடும். எது யாருக்கு ஏற்றது என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

உணவு விஷயத்தில் நாம் ஏழைகள் அல்ல. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; அதே அளவு பாலில் சுமார் 120. எள், அகத்திக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் சத்து மிகுந்தவை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200-ம் தேவை. சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். காலை இளவெயிலே போதும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. உண்மையில், வெயில் ஏறிய பிறகுதான் தோலில் அது நன்றாக உற்பத்தியாகிறது. இத்தனை வெயில் அடிக்கும் நாட்டில் வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பது விசித்திரம்தான்.

நடை, படியேறுதல் போன்ற பாரம் தாங்கும் வேலைகள் எலும்புக்கு உரம். பாரமே தெரியாத விண்வெளியில் வீரர்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் எலும்பை இழக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிவு. அது நேர்ந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். எலும்பு முறிந்ததைவிட, படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வரும் சளிக் காய்ச்சலும் படுக்கைப் புண்ணுமே எமனாகின்றன. ‘இந்த வயதில் ஆபரேஷனா?’ என்று நாள் கடத்துவது தவறு. இரண்டொரு நாளில் ஆபரேஷன் செய்து எழுப்பி நடக்கவைப்பதே நல்லது. விழாமல் காப்பதற்குப் பெரிய செலவு இல்லை. குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பதிக்கலாம். கண்ணில் புரை இருந்தால் எடுத்துவிடலாம். தூக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் இரவில் தனியே எழுந்து போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.