அந்தரத்தில் நிற்கும் குவிமாடம்

இஸ்தான்புல் ஹாகியா சோபியாவுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடம் எதன்மேலும் உட்காராமல் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். பேரரசர் ஜஸ்டினியன் 537-இல் தேவாலயமாகக் கட்டி முடித்த கட்டடம் இது. குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி 40 ஜன்னல்கள். அந்த ஒளி வளையத்தின் பளிச்சென்ற வெளிச்சத்தில் இடையிலுள்ள தூண்கள் கண்ணுக்கு மங்கிவிடுகின்றன.

ஏன் அவ்வளவு உயரத்தில்? கீழ் ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கக் கூடங்கள் மறித்துவிடும். மேலிருந்து வருவதோ தடையில்லாமல் நடுக்கூடம்வரை இறங்கும்.

சரி, பாரம் தாங்கும் இடத்திலேயே ஓட்டை போடலாமா? இங்கேதான் அந்தக் காலத்துக் கைத்திறனை நினைத்து மலைக்கிறேன். குவிமாடத்தின் எடை அழுத்தும்போது அதன் அடிப்பகுதி வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அங்கே செங்குத்தாக விரிசல் விழும். விரிசல் விழக்கூடிய இடத்தில் ஜன்னல் வைத்து, எடையை இடையிலுள்ள செங்கல் விலாக்கள் வழியே இறக்கினார்கள். ஆனாலும் 558-இல் முதல் குவிமாடம் இடிந்தது. அது மிகத் தட்டையாக இருந்ததால் பக்கவாட்டு உந்தல் அதிகம். 562-இல் உயர்த்திக் கட்டியபோதும் ஜன்னல் வளையத்தை விடவில்லை.

உள்ளே வந்த ஒளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகளுக்குள் மெல்லிய தங்கத் தகடு. ஒவ்வொரு சில்லும் சற்றே வேறு சாய்வில். நாம் ஓரடி நகர்ந்தால், மினுக்கமும் கூடவே நகர்கிறது.