மழை பெய்யாமலே நனைந்த கார்

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. சென்னை பெசன்ட் நகரில் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக் கார் நிற்கிறது. அந்த வீட்டில் கார் விட இடமில்லை, அதனால் தெருதான் அதற்கு வீடு. ராத்திரி ஆனால் பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு கட்டிவிடுவார்கள்.

அன்று கவரை உருவியபோது அதன் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கூரை, கண்ணாடி, கதவு எல்லாம் அப்போதுதான் குளித்து வந்தது போல ஈரம்.

அந்த வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு. என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, ராத்திரி மழை பெஞ்சுதா?"

"இல்லையே. ரோட்டைப் பாரு, காஞ்சு கிடக்கு."

"அப்போ கவருக்குள்ள யாரு தண்ணி ஊத்தினது?"

அருமையான கேள்வி. உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. "முதல்ல, கவர் எதுக்குப் போடுறீங்க, அதைச் சொல்லு" என்றேன். "காக்கா எச்சம்!" என்றான் பட்டென்று.

உண்மைதான். பறவைகளுக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் அவற்றின் சிறுநீர். அதில் இருப்பது யூரிக் அமிலம். காரின் நிறத்துக்கு மேலே, கண்ணாடி போல நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிமன் உங்கள் தலைமுடியின் தடிமனைக்கூட எட்டாது. உச்சிவெயிலில் அது சற்று இளகி விரியும். அதன்மேல் விழுந்த எச்சமோ காய்ந்து இறுகும். சாயங்காலம் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் மேடுபள்ளம் அதில் பதிந்துவிடும். பிறகு கழுவினால் எச்சம் போகும், தடம் போகாது.

வெயிலில் இன்னொரு வில்லனும் ஒளிந்திருக்கிறான்: புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நிறப்பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். தெருவில் பழைய சுவரொட்டிகளைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் வெளிறி, நீலம் மட்டும் மிஞ்சியிருக்கும். மாமரத்தடி நிழலில் விடலாமே என்றால், மாம்பூ பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டும் கழிவைத் தெளித்து வைக்கும்.

எங்கள் தெருவில் இவை எல்லாவற்றுக்கும் மேலே கடல் காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி, காய்ந்து, உப்புத் துகளாகக் காரின் மேல் உட்காரும். உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் வீட்டில் உப்பு ஜாடி நசநசவென்று இருப்பது அதனால்தான். காரில் எங்காவது பெயின்ட் கீறியிருந்தால், அந்த உப்புத் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வெறும் தண்ணீரைவிட வேகமாக.

ஆக, கவர் போடுவதற்குக் காரணம் நிறையவே இருக்கிறது. ஆனால் நம் கார் கவருக்குள்ளேயே நனைந்துவிட்டதே! உப்புக்கு அதுதானே வேண்டும்?

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிய, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் அங்கே ராத்திரி நேரங்களில் கம்பளி உருண்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனித்துளி மேலிருந்து விழுகிறதா, தரையிலிருந்து எழுகிறதா என்று அப்போது பெரிய வாதம். ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகளில் ஒன்றைப் பலகையின் மேலே வைத்தார், மற்றொன்றைப் பலகையின் அடியில் கட்டினார். காலையில் எடை போட்டால், மேலே இருந்ததில்தான் ஈரம் மிக அதிகம்.

"பலகை மேலிருந்து விழுந்ததைத் தடுத்திருக்குமே?" என்று நீங்கள் கேட்டால், சபாஷ். வெல்ஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மேலும் கீழும் திறந்த சுட்ட மண் குழாய் ஒன்றை நிறுத்தி, அதற்குள்ளே தரையில் கம்பளியை வைத்தார். நேர் மேலே ஒரு தடையும் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பளியில் ஈரம் குறைவு! குழாயின் சுவர் மறைத்தது பக்கவாட்டு வானத்தை மட்டும்தான். ஆகவே பனித்துளி மழை போல விழுவதில்லை. எந்தப் பொருளுக்கு வானம் அதிகமாகத் தெரிகிறதோ, அது அதிகமாக நனைகிறது. இதை அவர் 1814இல் புத்தகமாகவே எழுதினார்.

வானம் தெரிந்தால் ஏன் நனைய வேண்டும்? எல்லாப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுவரைப் பார்த்து நிற்கும் பொருளுக்குச் சுவரும் கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். மரத்தடியில் நிற்கும் காருக்கு இலைகள் கொடுக்கும். மேகமில்லாத வானமோ சரியான கஞ்சன். வாங்கிக்கொள்ளும், திருப்பித் தருவது கொஞ்சம்தான். அதனால் வெட்டவெளியில் கிடக்கும் மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன்மேல் பட்ட நீராவி துளியாகிவிடும். தடித்த தார் ரோடு பகல் வெப்பத்தைச் சேமித்து வைத்திருப்பதால்தான் காய்ந்து கிடந்தது.

இப்போது நம் கவருக்கு வருவோம். அது வானத்தைப் பார்த்துக் குளிர்ந்தது. உள்ளே அடைபட்ட காற்றில் நீராவி இருந்தது. வெளியே போக வழியில்லை. கவரின் உள்பக்கத்திலேயே துளித்துளியாகி, கார் மேல் விழுந்தது. அவ்வளவுதான், யாரும் ஊற்றவில்லை.

"அப்போ ஓட்டை போட்ட கவர் வேணும்" என்றான் பையன். "மழை வந்தா?" என்றேன். முழித்தான்.

ஆனால் அவன் சொன்னது சரிதான். ஓட்டையின் அளவில்தான் சூட்சுமம். நீராவியின் ஒரு மூலக்கூறை ஒரு கடுகு என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் ஒரு மழைத்துளி எவ்வளவு பெரிய பூசணிக்காயாக இருக்கும்? எவரெஸ்ட் சிகரத்தைவிட உயரமான பூசணிக்காய்! சுமார் 10 கிலோமீட்டர். நான் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்கு போட்டு, ஒரு பங்கு அகலத்தில் துணியில் துளை இருந்தால், அது நம் கணக்கில் ஒரு மீட்டர் அகல வாசல். கடுகு ஜாலியாகப் போய்வரும். பூசணிக்காய் வாசலிலேயே நிற்கும்.

தண்ணீர் நெளியக்கூடியதுதானே, நசுங்கி நுழையாதா? துணியின் இழை தண்ணீரை ஈர்த்தால் நுழையும். பருத்தி அப்படித்தான் உறிஞ்சிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைக்குத் தண்ணீரைப் பிடிக்காது. சேப்பங்கிழங்கு இலையின் மேல் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. 2020இல் கொரோனா வந்தபோது எல்லோர் முகத்திலும் இருந்த நீல நிற முகக்கவசம் இந்த இழையில் செய்ததுதான். வீட்டில் பழசு இருந்தால் அதன் நீலப் பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நிற்கும். ஆனால் அதன் வழியாகத்தான் நாம் மூச்சு விட்டோம். அந்த இழையில் நெய்யாமல் அழுத்திச் செய்த துணியிலும் கார் கவர் வருகிறது.

என்னைக் கேட்டால், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் பிளாஸ்டிக் கவரைவிட, கடலோரத்தில் கவரே இல்லாமல் இருப்பது மேல். நல்ல கவரையும் தூசி படிந்த காரின் மேல் இழுத்துப் போடக்கூடாது. தெருப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, கிளியர் கோட்டைவிடக் கடினமானது. காற்றில் கவர் படபடக்கும்போது உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தது போலக் கீறிவிடும். இன்னொன்று, இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்: கவர் போட்ட காருக்குள் ஒளிந்து விளையாடவே கூடாது. மூடிய கார் வெயிலில் சீக்கிரம் கொதிக்கும். உள்ளே நீங்கள் இருப்பதும் யாருக்கும் தெரியாது.

பொங்கல் கழிந்து அவர்கள் துணிக் கவர் ஒன்று வாங்கினார்கள். மறுநாள் காலை பையன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான். கவரின் மேலே பனி பூத்திருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினால் கார் காய்ந்திருந்தது. ஆனால் அவன் காட்ட வந்தது அதை அல்ல. கூரைக்கு மேலே கவரில், சுற்றிலும் பனித்துளி இருக்க, நடுவில் முறம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. தெருப்பூனை ஒன்று அப்போதுதான் அங்கிருந்து எழுந்து, மதில் மேல் உட்கார்ந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"அந்த இடம் ராத்திரி பூரா வானத்தைப் பார்க்கல மாமா" என்றான். "பூனையைத்தான் பார்த்துட்டு இருந்துச்சு."