நான்கு நிமிடம் தந்த பாடம்

துப்பாக்கித் தொழிற்சாலையில் கிடைத்த யோசனை அமெரிக்க பாக்கெட் வாட்ச்சை உருவாக்கியது. அதற்குக் கறாரான இலக்கணம் வகுக்க ஒரு ரயில் விபத்து தேவைப்பட்டது.

ஏப்ரல் 18, 1891. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிப்டன் நிலையம். எதிரே வரும் தபால் ரயிலுக்கு வழிவிட்டு, பயணிகள் ரயில் பக்கத்துப் பாதையில் ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதற்குள் மோதல். பலியானவர்கள் குறைந்தது 8 பேர். விசாரணையில் தெரியவந்த காரணம், பயணிகள் ரயில் ஓட்டுநரின் கடிகாரம். வழியில் 4 நிமிடம் நின்றுபோய், பிறகு தானாகவே ஓடத் தொடங்கியிருக்கிறது.

ஒற்றைப் பாதையில் ரயில்கள் மோதாமல் காத்தவை அன்று கால அட்டவணையும் ஊழியர்களின் பையிலிருந்த கடிகாரமும்தான். இத்தனைக்கும் அமெரிக்காவில் கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை.

அதற்கு விதை போட்டவர் ஆரன் டெனிசன். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்கும் கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்தவர். 'கடிகாரத்தை ஏன் இப்படிச் செய்யக் கூடாது?' 1850இல் எட்வர்டு ஹோவர்டு உள்ளிட்டோருடன் பாஸ்டன் அருகே தொழில் தொடங்கினார். 1854இல் தொழிற்சாலை வால்தமுக்கு இடம்பெயர்ந்தது. 1857இல் திவால். புதிய முதலாளி ராயல் ராபின்ஸிடம் கைமாறிய பிறகே நிமிர்ந்தது. உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் வாங்கிய 'வில்லியம் எல்லரி' மாடல் அதைத் தூக்கி நிறுத்தியது. லிங்கனிடம் இருந்ததும் அதே மாடல்தான். 1864இல் எல்ஜின் நிறுவனம் போட்டிக்கு வந்தது.

1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சி. பொடிப்பொடி திருகாணிகளைத் தானே கடைந்து தள்ளிய வால்தம் இயந்திரம் சுவிட்சர்லாந்துக்காரர்களைத் திகைக்க வைத்தது. லாஞ்சின் நிறுவனப் பொறியாளர் ஜாக் தாவீத் அமெரிக்க ஆலைகளை ஆராய்ந்து, 'விழித்துக்கொள்ளுங்கள்' என்று தாய்நாட்டை எச்சரித்தார். சுவிஸ்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்.

கிப்டனுக்குப் பிறகு ரயில்வே அழைத்தது கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பாலை. அவர் ஏற்படுத்திய பரிசோதனை முறையிலிருந்து ரயில்வே கடிகாரங்களுக்கான விதிகள் உருவாயின. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. குறைந்தது 17 ஜுவல்ஸ். நிமிர்த்தினாலும் கவிழ்த்தாலும், மொத்தம் ஐந்து நிலைகளில் ஒரே சீராக ஓட வேண்டும். கண்ணாடி மூடியைத் திறந்து, உள்ளேயிருக்கும் நெம்புகோலை இழுத்தால்தான் முள்ளை நகர்த்த முடியும். கைதவறி நேரம் மாறிவிடக் கூடாதே! தரமான ரயில்வே கடிகாரத்துக்குப் பெயர் பெற்றது 1892இல் தொடங்கிய ஹாமில்டன். சாமானியனுக்கோ 1896இல் இங்கர்சால் ஒரே டாலரில் 'யாங்கி'யைத் தந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. இரண்டாம் போரில் அமெரிக்க ஆலைகள் ராணுவ உற்பத்தியில் மூழ்க, கடைகளை சுவிஸ் சரக்கு நிரப்பியது. 1957இல் வால்தம் கடிகாரத் தயாரிப்பை நிறுத்தியது. ஹாமில்டன் 1969இல் அமெரிக்கத் தயாரிப்புக்கு விடை கொடுத்தது. இன்றும் அந்தப் பெயரில் கடிகாரங்கள் வருகின்றன. தயாராவது சுவிட்சர்லாந்தில்.