பட்டமும் கடதாசியும்

1990இல் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இரவோடிரவாக வள்ளம் ஏறியவர்கள் எம்மில் பலர். மண்டபம் முகாமில் பெயர் பதிந்தபோது, பிள்ளைகளின் படிப்பு இத்தோடு சரி என்றே தாய்மார் நினைத்தார்கள். ஆனால் 1984இல் எஸ்.சி.சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியது. படிப்பும் ஒரு நிவாரணம்தானே!

1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் கல்லூரிக் கதவு அடைபட்டது. 1996இல் இடஒதுக்கீடு மீண்டும் கிடைக்கும்வரை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெடியன்கள் பெயின்ற் அடிக்கப் போனார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சுத்தான்.

2021 ஓகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின், முகாம்களிலிருந்து பொறியியல் படிக்கச் செல்லும் 50 பேரின் கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்கும் என அறிவித்தார். இது சிறிய காரியமல்ல. உலகில் அகதி இளையோரில் நூற்றுக்கு ஏழு பேரே உயர்கல்வியில் இருப்பதாக ஐ.நா. அகதிகள் முகவரகம் 2024இல் கூறியது.

பட்டத்தோடு மன்னாருக்குத் திரும்புகிறவளை இங்கே காத்திருப்பது கடதாசிச் சிக்கல். இந்தியாவில் பிறந்தவளானால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடையாள அட்டை இழுபடும். அரச வேலைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. பட்டத்தின் அங்கீகாரத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டறிய வேண்டும்.

சகோதரிகளே, முகாமில் இன்னும் உறவுகள் இருந்தால், அடுத்தமுறை தொலைபேசியில் சுகம் விசாரித்த கையோடு கேளுங்கள்: பிள்ளையின் பிறப்பைப் பதிந்தாயிற்றா? மதிப்பெண் சான்றிதழின் மூலப்பிரதி யாரிடம் இருக்கிறது?