காலையில் விரலை மடக்க முடியவில்லையா?

கை வலி என்றால், "துணி பிழிஞ்சது, தேங்காய் துருவினது" என்று சொல்லி தைலம் தேய்த்துக் கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய் விடுவோம். பெரும்பாலும் அது சரியாகியும் விடும். ஆனால், முடக்கு வாதம் அப்படியல்ல. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குவதால் வரும் நோய் இது. ஆண்களை விட பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகமாக வருகிறது. வயதானவர்களுக்குத்தான் வரும் என்பதில்லை. 30 வயதிலேயே கூட ஆரம்பிக்கலாம்.

என் நாத்தனாருக்கு 34 வயதில் வந்தது. காலையில் கோலமாவை விரலில் பிடிக்க முடியாது. பத்து மணிக்கு மேல் கை இளகி விடும். "அதென்ன, காலையில வேலை நேரத்துல மட்டும் வலிக்குது?" என்று அவருடைய மாமியார் கேட்டார். அதற்கு டாக்டர்தான் பதில் சொன்னார், "காலையில் அதிகமாக இருப்பதுதான் இந்த நோயின் அடையாளமே!" என்று.

அவர் சொன்ன மற்ற அறிகுறிகளையும் தெரிந்து கொள்ளுங்கள் தோழிகளே:

* எழுந்ததும் விரல்கள் விறைத்துப் போய், இளகுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூட்டுத் தேய்மானத்தில் இந்த விறைப்பு சீக்கிரம் விட்டு விடும். வேலை செய்யச் செய்யத்தான் வலி கூடும்.

* விரல் நுனி மூட்டை விட, நடு மூட்டு, விரல் உள்ளங்கையோடு சேரும் இடம், மணிக்கட்டு, கால் விரல்களின் அடிப்பகுதி ஆகியவை வீங்கும். மோதிரம் இறுகும். கையை யாராவது அழுத்திப் பிடித்தால் உயிர் போகும்.

* பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி இருக்கும்.

* காரணம் இல்லாத அசதி, லேசான காய்ச்சல், பசியின்மையும் சேர்ந்து வரலாம்.

சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி வலிப்பதுண்டு. எதுவானாலும் வீக்கமும் விறைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் சிலருக்கு இந்த நோய் இருக்கலாம். அதனால் டாக்டர் கையைத் தொட்டுப் பார்ப்பது முக்கியம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும். மூட்டு அரிப்பதை நிறுத்தாது. ஆரம்பித்த சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால், விரல்கள் கோணிப் போகாமல் பெருமளவு தடுக்கலாம். இதற்குப் பொதுவாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

வீட்டில் மகளோ, மருமகளோ "காலையில கையை மடக்க முடியலை" என்றால், வேலைக்குச் சாக்கு என்று நினைக்காதீர்கள். அவள் விரல்களைத் தொட்டு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கைதானே நம் எல்லாருக்கும் சோறு போடுகிறது!

- ஒரு வாசகி, விருதுநகர்.