ஒரு பிடி செம்மண் போதும், ஸ்டீயரிங் உதறும்... தெரியுமா?

திண்டுக்கல் நாகல் நகரில் காரை எடுத்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு சக்கரமும் எத்தனை தடவை சுற்றுகிறது, தெரியுமா? ஏறக்குறைய 34 ஆயிரம் தடவை! 13 இஞ்ச் ரிம் போட்ட சின்னக் கார், 60 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 12 சுற்றுக்கும் மேலே ஓடிவிடுகிறது.

இப்படிச் சுற்றும் சக்கரத்தின் ஓரத்தில், ஒரே இடத்தில், வெறும் 30 கிராம் கூடுதலாக ஒட்டிக்கொண்டால்? நிறுத்தி வைத்த காரில் அது ஒன்றுமே இல்லை. 80-ல் போகும்போது அந்த 30 கிராம் 3 கிலோ பலத்தோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. 100-ஐத் தொட்டால் 5 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. நொடிக்குப் பதினைந்து தடவை மேலும் கீழுமாக 5 கிலோ இழுத்தால் ஸ்டீயரிங் உதறாமல் என்ன செய்யும்?

அந்த 30 கிராம் எங்கிருந்து வந்தது? பல நேரம் வெறும் மண்! மழை நாளில் செம்மண் பாதையில் ஓட்டி, அப்படியே வீட்டு வாசலில் நிறுத்தினால், ரிம்மின் உள்பக்கத்தில் அப்பிய சேறு இறுகிக் காய்ந்துவிடும். வெளியே பார்த்தால் சக்கரம் பளபளவென்று இருக்கும். மறுநாள் நான்குவழிச் சாலையில் ஏறியதும் உதறல். ஆகவே முதல் வைத்தியத்துக்கு ஒரு பைசா செலவில்லை: ஹோஸ் பைப்பை ரிம்மின் உள்பக்கம் பிடித்து, நான்கு சக்கரத்தையும் நன்றாகக் கழுவுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் ரிம்மின் விளிம்பை உற்றுப் பாருங்கள். பேலன்சிங் செய்தபோது ஒட்டிய வெயிட் விழுந்திருந்தால், அது இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் நீளமாகத் தெரியும். டயரின் பக்கவாட்டில் எங்காவது கொப்புளம் போல வீங்கியிருந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறவே கூடாது. பள்ளத்தில் விழுந்து உள்ளே நூல் அறுந்ததன் அடையாளம் அது. அப்படியே டயரில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படித்துவிடுங்கள். 2322 என்றிருந்தால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். டயருக்கும் பிறந்த தேதி உண்டு!

இன்னொரு ஆச்சரியம். 60-ல் ஒன்றுமில்லை, 80-ல் ஆரம்பிக்கிறது, 90-ல் உச்சம், 100-ஐத் தாண்டினால் அடங்கிப்போகிறது என்று பலர் சொல்வார்கள். ஏன் தெரியுமா? சக்கரமும் அதைத் தாங்கும் உறுப்புகளும் சேர்ந்து தானாகத் துள்ளும் வேகம் ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை. சக்கரம் சுற்றும் வேகமும் இந்தத் துள்ளலும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம்தான் அந்த 80, 90! ஆனால் அதைத் தாண்டி அடங்கியதும் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். இழுப்பு கூடிக்கொண்டேதான் இருக்கிறது, கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் அந்த அடியை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

உதறல் என்றதும் 'அலைன்மென்ட் பாருங்க' என்று காசு கொடுத்துவிட்டு அதே உதறலோடு திரும்பி வருகிறவர்கள் எத்தனையோ பேர். அலைன்மென்ட் கெட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். உதறலுக்கு மருந்து பேலன்சிங். இரண்டும் வேறு வேறு வேலை!

நாகல் நகரில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டிய சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் உண்டு. தறிச் சத்தம் லேசாக மாறினாலே எங்கோ இழை அறுந்தது என்று காது சொல்லிவிடும். காரும் அப்படித்தான், கோளாறு இருக்கும் இடத்தைத் தானே சொல்கிறது! கையில் ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். நம்பிக்கை வரவில்லையா? நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தால் முன் சக்கரத்தைப் பின்னால் மாட்டிப் பாருங்கள். நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு மாறிவிட்டால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான்.

சக்கரமா இன்ஜினா என்று சந்தேகமா? நடுங்கும் அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் மாறாமல் இருந்தால் சக்கரம். கியரோடு சேர்ந்து நடுக்கமும் மாறினால் இன்ஜின் பக்கம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'கட கட' என்றால் அதே ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வழிகிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

உங்கள் சட்டைப்பையிலேயே அதிர்வை அளக்கும் கருவி இருக்கிறது தெரியுமா? செல்போன்தான்! திரையைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அந்தச் சென்சார் அதிர்வையும் எண்ணும். அதிர்வு எண்ணைக் காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் (ஓட்டுபவர் கூடவே கூடாது!) போனைக் காரின் தரையில் அழுத்திப் பிடிக்கட்டும். சின்னக் கார், 80 கிலோமீட்டர் வேகம் என்றால், நொடிக்கு 12, 13 என்று காட்டினால் சக்கரம். பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் 50-ஐ ஒட்டிக் காட்டினால், சக்கரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட். மீட்டரில் இன்ஜின் 2,400 சுற்று காட்டும்போது 40 வந்தால் இன்ஜினே. ஒர்க்‌ஷாப்பில் போய் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், அங்கே பேச்சே வேறு மாதிரி ஆரம்பிக்கும்!

பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? அது முன் டிஸ்க். 'டிஸ்க் வளைஞ்சுபோச்சு' என்பார்கள். பெரும்பாலும் வளைவதே இல்லை, ஓரிடத்தில் தடிமன் மாறியிருக்கும். எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு போதும்! கொதிக்கும் டிஸ்க்கோடு நின்று, பிரேக்கை மிதித்தபடியே இருந்தால் பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிவிடுகிறது. வீல் நட்டை ஒரே பக்கமாகச் சுற்றி முறுக்கினாலும் இதே வினைதான். எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போல மாறி மாறித்தான் முடுக்க வேண்டும்.

டிஸ்க் அவ்வளவு கொதிக்குமா? கேளுங்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை கிட்டத்தட்ட 1,800 மீட்டர் இறக்கம். 1,000 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! இதில் பெரும்பங்கை பிரேக்கின் தலையில் கட்டுவதா, இன்ஜினுக்கும் பங்கு கொடுப்பதா என்பது உங்கள் இடது கையில் இருக்கிறது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே கணக்குதான். இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக் ஆயிலையும் மறக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும்! மலையிறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் 'தொபுக்' என்று உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலையோரத்து ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம்.

காருக்கு முதல் பிரேக் லைனிங் போட்டவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி, தெரியுமா? 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி உறை தேய்ந்தது, காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார். பிரேக் கட்டை தேய்ந்ததும் வழியோரத்துச் செருப்புத் தொழிலாளியிடம் தோல் அடித்து வாங்கிக்கொண்டார். தோல் பதனிடும் நம் திண்டுக்கல்லுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கம்! காற்றடைத்த டயர்கூட அந்தக் காரில் கிடையாது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் டன்லப் அதற்குக் காப்புரிமை வாங்கியதும் அதே 1888-ல்தான்.

நம் பக்கத்துக் கதை மட்டும் குறைந்ததா? கோவை ஜி.டி. நாயுடு, இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதையே வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார்! அவர் 1920-ல் ஓட்டிய முதல் பஸ் பொள்ளாச்சியிலிருந்து எங்கே வந்தது தெரியுமா? இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பழனிக்கு!

சரி, நடுக்கத்துக்கே திரும்புவோம். வண்டி நிற்கும்போது நடுங்கினால் கதை வேறு. மூன்று சிலிண்டர் இன்ஜின் என்றால் கொஞ்சம் நடுக்கம் அதன் பிறவிக் குணம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் அப்படித்தான். திடீரென்று கூடினால் பிளக், காயில், அல்லது இன்ஜின் மவுன்டிங் ரப்பர். சமீப வருடங்களில் வாங்கிய கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஓட்டை கொண்ட சாக்கெட் ஒன்று ஒளிந்திருக்கும். சின்ன ரீடரைச் செருகி போனில் பாருங்கள். பி0302 என்று காட்டினால், இரண்டாவது சிலிண்டர் 'மிஸ்ஸிங்' என்று அர்த்தம்!

பானட்டைத் திறக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு 1990-களிலேயே அந்த மூடியைச் செய்து அனுப்பியது நம் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ். அந்த மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அத்தனையும் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

இன்று மாலையே பானாவும் ஹோஸ் பைப்புமாக இறங்கப் போகிறீர்களா? நன்றாகச் செய்யுங்கள். ஆனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.