கட்டிலருகே ஒரு கல்யாணம்

கல்யாணம் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்னென்ன தோன்றுகின்றன? வாசலில் வாழை மரம், கொட்டு மேளம், பட்டுப் புடவைகளின் சரசரப்பு, பந்தியில் "இன்னும் கொஞ்சம் பாயசம்!" என்ற உபசாரம் - இவைதானே?

இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஒரு கல்யாணத்தைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். மணமகனுக்கு வயது 58. மணமகளோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்னும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். புற்றுநோய்!

"ஐயோ பாவம்! சாகப் போகிறவளுக்குக் கல்யாணம் எதற்கு?" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

மணமகனின் பெயர் ஸி. எஸ். லூயிஸ். உங்கள் வீட்டுக் குழந்தைகள் 'நார்னியா' கதைகளைப் படித்திருந்தால் அவரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அலமாரிக்குள் நுழைந்தால் பனி கொட்டும் வேறோர் உலகம் தெரியும் என்று எழுதினாரே, அவரேதான். ஆக்ஸ்போர்டிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் ஆசிரியராக இருந்த பெரிய படிப்பாளி. ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஒரு பழைய வீட்டில் தம் தமையனாருடன் பிரம்மசாரியாகவே காலந்தள்ளி வந்தார். புத்தகமும் புகைக் குழாயும் நண்பர்களின் பேச்சுமே அவருடைய குடித்தனம்.

மணமகள் ஜாய் டேவிட்மன், நியூயார்க்கில் பிறந்தவர். 1938-லேயே கவிதை நூலுக்குப் பரிசு வாங்கிய எழுத்தாளர். லூயிஸைவிட 16 வயது இளையவர். 1950-ல் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். கடிதம் சிநேகமாயிற்று. முதல் மண வாழ்க்கை முறிந்து போகவே, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1953-ல் இங்கிலாந்தில் குடியேறினார்.

அங்கே தொடர்ந்து தங்குவதற்கு அனுமதி கிடைக்காமல் போகும் போலிருந்தது. சிநேகிதிக்கு உதவ லூயிஸ் ஒரு வழி கண்டார். 1956 ஏப்ரல் 23-ந் தேதி இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சட்டப்படி மணந்துகொண்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள், அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்! லூயிஸின் எண்ணத்தில் அது வெறும் காகிதக் கல்யாணம். ஒரு சிநேகிதருக்குச் செய்த உபகாரம். அவ்வளவே.

விதி வேறு விதமாக எண்ணியிருந்தது.

அதே வருஷம் அக்டோபர் மாதம்.  வீட்டில் ஜாயின் கால் டெலிபோன் ஒயரில் தடுக்கிவிட்டது. விழுந்தார், தொடை எலும்பு முறிந்துவிட்டது. சாதாரணமாக விழுந்ததற்கு இவ்வளவு பெரிய எலும்பு முறியுமா? டாக்டர்கள் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பைப் புற்றுநோய் அரித்திருந்தது! மார்பில் தொடங்கிய வியாதி உடலெங்கும் பரவியிருந்தது. நெடுநாளாகவே காலில் வலி இருந்து வந்தது. வாதம் என்று எண்ணி அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

(இந்த இடத்தில் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. நம் பெண்கள் வலியைப் பொறுப்பதில் சூரிகள். "வயதானால் கால் வலிக்காதா?" "இந்தக் கட்டி என்ன செய்துவிடும்?" என்று சமையலைக் கவனிக்கப் போய்விடுவார்கள். அது வேண்டாம். மார்பில் கட்டியோ, விடாத வலியோ கண்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஜாயின் காலத்தில் இல்லாத பல சிகிச்சைகள் இன்று உண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மார்புப் புற்றுநோயிலிருந்து குணமாகிறவர்களே அதிகம்.)

லூயிஸுக்கு இந்த வியாதி புதிதல்ல. அவருக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, 1908-ல், அவருடைய தாயாரை இதே புற்றுநோய்தான் கொண்டுபோயிற்று. இப்போது ஜாயின் பிள்ளைகளைப் பார்த்தார். மூத்தவனுக்கு 12 வயது. இளையவனுக்கு 11 வயதுகூட நிறையவில்லை. அன்று தாம் நின்ற அதே வாசற்படியில் இரண்டு சிறுவர்கள் நிற்பதைக் கண்டால் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அப்பொழுதுதான் அந்த அதிசயம் நடந்தது. கைவிட்டுப் போகப் போகிறது என்று தெரிந்த பிறகே, தம் கையில் இருப்பது இன்னதென்று லூயிஸுக்குத் தெரிந்தது. தம் அன்பு வளர்ந்த வரிசையை அவரே பின்னர் நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் விளக்கினார். முதலில் நல்லெண்ணம், அப்புறம் சிநேகம், அப்புறம் இரக்கம். காதல் வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியிலே!

நம் வீடுகளில் மட்டும் வேறு விதமா, என்ன? பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். முதலில் கல்யாணம், அன்பு பிறகு மெல்ல மெல்ல வருகிறது. சில வீடுகளில் அது வந்து உட்கார்ந்திருப்பதே தெரிவதில்லை, ஒருவர் நோயில் விழும் வரையில்.

காகிதக் கல்யாணம் இனிப் போதாது என்று இருவருக்கும் தோன்றியது. தங்கள் மத சம்பிரதாயப்படி மணக்க விரும்பினார்கள். ஜாய் விவாகரத்து ஆனவர் என்பதால் ஆக்ஸ்போர்டு பிஷப் சம்மதிக்கவில்லை. லூயிஸின் பழைய மாணவர் ஒருவர் பாதிரியாராக இருந்தார். ஜாய்க்காகப் பிரார்த்தனை செய்ய வந்த அவர், விஷயத்தைக் கேட்டு மனம் இளகிவிட்டார். 1957 மார்ச் 21-ந் தேதி காலையில் கட்டிலருகே நின்று மணம் செய்துவைத்தார். லூயிஸின் தமையனார் சாட்சி. மேளமில்லை, விருந்தில்லை.

மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போனார் லூயிஸ் - வாழ்வதற்கு அல்ல, அமைதியாகச் சாவதற்கு.

ஆனால் ஜாய் சாகவில்லை!

கதிர் சிகிச்சைக்குப் பிறகு வியாதி அடங்கியது. முறிந்த எலும்பு கூடியது. அசையவே முடியாதவர் எழுந்து உட்கார்ந்தார்; நின்றார்; வருஷம் முடிவதற்குள் கைத்தடியுடன் நடந்தார். பிரார்த்தனையின் பலன் என்றார்கள் சிலர். சிகிச்சையின் பலன் என்றார்கள் சிலர். லூயிஸ் விவாதிக்கவில்லை, கிடைத்ததை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விந்தை என்னவென்றால், அதே சமயம் லூயிஸின் எலும்புகள் பலவீனமடைந்தன. முதுகுக்குப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து ஏற, என் எலும்பில் அது இறங்குகிறது என்று சொல்லி அவர் மகிழ்ந்தார். மனைவியின் நோவைத் தாம் கொஞ்சம் வாங்கிக்கொண்டதாகவே அவருக்கு நினைப்பு.

பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரமாதமாக ஒன்றும் இல்லை. குடித்தனம் செய்தார்கள்! பிரம்மசாரிகளின் கையில் பாழடைந்து கிடந்த வீட்டை ஜாய் பழுது பார்த்துச் சுவர்களுக்கு வர்ணம் அடிக்கச் செய்தார். மாலையில் எழுத்துக் கூட்டும் விளையாட்டு ஆடினார்கள். புத்தகங்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள். தமையனார் வேறு வீடு பார்த்துப் போக எண்ணியபோது, "போகக் கூடாது" என்று இருவருமே தடுத்துவிட்டார்கள். 1958-ல் அயர்லாந்துக்குப் போய் வந்தார்கள். இருபது வயதில் தமக்குக் கிட்டாத சந்தோஷம் அறுபதை எட்டும்போது கிட்டும் என்று எதிர்பார்க்கவேயில்லை என்று லூயிஸ் நண்பர் ஒருவரிடம் சொன்னார்.

நமக்கு எத்தனையோ சாயங்காலங்கள் வந்து போகின்றன. பேப்பர் படிப்பதிலும், "ஏன் இன்று குழம்பில் உப்பு அதிகம்?" என்பதிலும் அவை கழிந்துவிடுகின்றன. அவர்களுக்கோ ஒவ்வொரு சாயங்காலமும் கணக்கில் வராத வரவு.

1959 அக்டோபரில் வழக்கமான பரிசோதனைக்குப் போனார்கள். வியாதி திரும்பியிருந்தது. கிரேக்க நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஜாயின் வாழ்நாள் ஆசை. 1960 ஏப்ரலில், வலியோடு வலியாக, கணவரும் மனைவியும் நண்பர் தம்பதியுடன் புறப்பட்டார்கள். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் உச்சிவரை ஏறிவிட்டார் ஜாய்! அதே வருஷம் ஜூலை 13-ந் தேதி அவர் கண்ணை மூடினார். வயது 45.

சில வாரங்கள் என்று டாக்டர்கள் சொன்னது மூன்றேகால் வருஷமாக நீடித்தது.

"அப்புறம் லூயிஸ் மனத்தைத் தேற்றிக்கொண்டார்" என்று முடித்தால் அது பொய்யாகும். அவர் துடித்துப்போனார், கடவுளிடமே கோபித்துக்கொண்டார். அந்த வேதனையைக் குறிப்பேடுகளில் எழுதினார். 1961-ல் வேறு பெயரில் அது புத்தகமாக வந்தது. ஜாயின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே காத்து, 1963 நவம்பர் 22-ல் அவரும் மறைந்தார்.

சகோதரிகளே! நோய் வந்தால்தான் அன்பு வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் கொடியது, அதில் அழகு ஒன்றுமில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை மறவாமல் பாடுபட்டதால்தான் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. துயரம் சிலரை ஆஸ்பத்திரி கட்ட வைக்கிறது. சிலருக்கு அருகில் இருப்பவரைக் காட்டிக் கொடுக்கிறது.

லூயிஸுக்கு அதைக் காட்ட ஓர் எலும்பு முறிய வேண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாமே! இன்று சாயங்காலம் அவர் வந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கிற கணவன்மார் யாராவது இருந்தால், காப்பியை நீங்களே போட்டுக் கொண்டுவந்து உட்காரலாம். ஒன்றும் குறைந்துவிடாது!